தராசு காட்டாத நிறை

அதிபர் ஸைனுலாப்தீன் இருபத்தாறு விடைத்தாள்களையும் மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்றில் ஏழு தாள்கள். மற்றதில் பத்தொன்பது.

“இருங்க டீச்சர்,” என்று கதிரையைக் காட்டினார்.

லைலா இருக்கவில்லை. பெரிய குவியலின் மேல் தாளை எடுத்தாள். கிண்ணியாவில் அந்தப் பாடசாலையில் ஐந்தாம் தரத்துக்குக் கணிதம் கற்பிக்க வந்து அவளுக்கு இது நான்காவது வருடம். கையெழுத்தை வைத்தே பிள்ளையைச் சொல்லிவிடுவாள். இது றிஷானாவுடையது. பின்னக் கணக்குகளில் ஒன்றுகூடப் பிழையில்லை. பன்னிரண்டாம் கேள்வி, தசமக் கூட்டல்: 0.5 + 0.25. விடை 0.75 என்று வரவேண்டிய இடத்தில் றிஷானா 0.30 என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்புப் பேனையால் ஒரு வெட்டு.

அடுத்த தாளை எடுத்தாள். 0.30. அதற்கடுத்தது. 0.30. பதின்மூன்றாம் கேள்வி 0.5, 0.25, 0.125 என்ற மூன்றில் பெரியதற்கு வட்டமிடச் சொன்னது. வட்டம் எல்லாத் தாளிலும் 0.125இல் இருந்தது. பத்தொன்பது தாள், பத்தொன்பது வட்டம்.

“சரி ஒண்டா வந்தா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க,” என்றார் அதிபர். “பிழை ஒண்டா வந்தா என்ன செல்லுவாங்க? திருத்தினவங்க வலயத்துக்கு எழுதிட்டாங்க. பாத்தெழுதினது எண்டு.”

இந்தக் கணிப்பீட்டுப் பரீட்சையை நடத்தியது வலயக் கல்வி அலுவலகம். திருத்தியவர்கள் வேறு பாடசாலை ஆசிரியர்கள். அவர்களுக்கு இந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாது. தாள்தான் தெரியும்.

அதிபர் ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். தட்டெழுதி ஆயத்தமாக இருந்தது. ‘கீழே பெயர் குறிப்பிடப்பட்ட பதினெட்டு மாணவர்களும் மாணவி மு. றிஷானாவின் தாளைப் பார்த்து எழுதினர் என்பதையும், அவர் அதற்கு உடந்தையாக இருந்தார் என்பதையும் வகுப்பாசிரியர் என்ற வகையில் உறுதிப்படுத்துகிறேன்.’

“றிஷானாட பேர் ஏன் சேர்?”

“முன் வாங்குல இருக்கிறவ. வகுப்புலயே கூடின மார்க். ஆரட தாளப் பாத்திருப்பாங்க எண்டு நினைக்கிறீங்க?” அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் அல்ல. இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். “புதன்கிழம ஆசிரிய ஆலோசகர் வாறார். கையெழுத்து இருந்தா இந்த ஏழு பேர்ட பெறுபேறு தப்பும். இல்லாட்டி முழு வகுப்பும் ரத்து. யோசிச்சுப் பாருங்க.”

அன்று வியாழக்கிழமை.

லைலா தாள்களோடு வகுப்புக்குப் போனாள். கோபமாகத்தான் போனாள். மூன்று கிழமை தசமம் படிப்பித்திருந்தாள். 0.5 என்றால் அரை, 0.25 என்றால் கால் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் இப்படி எழுதுவதென்றால், யாரோ ஒருவர் பிழைவிட, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தெழுதினார்கள் என்றுதான் அவளுக்கும் பட்டது.

“றிஷானா, எழும்புங்க. ஆருக்குத் தாளக் காட்டின?”

றிஷானா எழுந்து நின்றாள். பத்து வயதுக்குச் சிறிய உடம்பு. “ஒருத்தருக்கும் காட்டல்ல டீச்சர்.”

“அப்ப எப்பிடி எல்லாருக்கும் ஒரே விடை?”

“அதுதானே டீச்சர் விடை.”

சொன்ன விதத்தில் துடுக்கு எதுவும் இல்லை. தண்ணீர் கீழே பாயும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். பின் வாங்கிலிருந்து நிப்றாஸின் குரல் வந்தது.

“டீச்சர், நான் இவட தாளப் பாத்திருந்தா எனக்கு ஏன் நாப்பத்தொண்டு? தொண்ணூறு வந்திருக்குமே! உம்மாட்ட அடியும் தப்பியிருப்பன்.”

வகுப்பு சிரித்தது. லைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது அவளைப் பிடித்து நிறுத்தியது. பார்த்தெழுதுகிறவன் பிழையை மட்டுமா பார்த்தெழுதுவான்? மீண்டும் தாள்களைப் புரட்டினாள். பெருக்கலில், நேரக் கணக்கில், சுற்றளவில் ஒவ்வொருவரும் அவரவர் பாணியில் பிழைவிட்டிருந்தார்கள். தசமத்தில் மட்டும் ஒரே பிழை.

“சரி, இருங்க,” என்றாள். றிஷானா உட்கார்ந்தாள், அன்று முழுவதும் அவள் கை உயர்த்தவில்லை. வழமையாகக் கேள்வி முடியுமுன் உயர்கிற கை.

சனிக்கிழமை காலையில் லைலா கிண்ணியாப் பாலத்தடியில் மீன் வாங்கப் போனாள். வெயில் ஏறுமுன்னமே வரிசையாகக் கடைகள். குடாவில் தூரத்தே இரண்டு கப்பல்கள் துறைமுகத்துக்குள் போகக் காத்து நின்றன. றிஷானாவின் வாப்பா முனீப் தன் பலகையில் கணவாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

“டீச்சர், மகள் சாப்பிடுறா இல்ல. களவெழுதின எண்டு செல்றாங்களாம்.”

“இன்னும் ஒண்டும் முடிவாகல்ல முனீப் நானா.”

“எங்கட புள்ள களவெழுத மாட்டா. கேட்டா வாயால செல்லிக் குடுத்திருப்பா, அது வேற. தாள் குடுக்க மாட்டா.”

லைலா கணவாயைக் காட்டினாள். “ஒரு கால்கிலோ போடுங்க.”

முனீப் இரண்டு கணவாயை எடுத்துத் தராசில் வைத்தார். பற்றரியில் ஓடுகிற இலக்கத் தராசு. சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடி நின்றன. 0.265. “இருநூத்தி அறுவத்தஞ்சு,” என்றார். ஒரு தலையை வெட்டி எடுத்தார். 0.250. “இருநூத்தம்பது. சரியா கால்.”

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் பூனைக்கென்று சூடை மீன் கேட்டார். முனீப் விளையாட்டாக ஒரேயொரு சூடையைத் தராசில் போட்டார். 0.025. “இருவத்தஞ்சு கிறாம் ஹாஜியார், உங்கட பூனைக்கு விருந்து!”

லைலா தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். புள்ளிக்குப் பிறகு மூன்று எண். எப்போதும் மூன்று. முனீப் ஒரு தடவையாவது பூச்சியத்தையோ புள்ளியையோ வாயில் எடுக்கவில்லை. புள்ளிக்குப் பின்னால் நிற்பதை ஒரு முழு எண்ணாக எடுத்து, கிறாமில் வாசித்தார்.

“நானா,” என்றாள். தன் குரல் மாறியிருப்பது அவளுக்கே கேட்டது. “புள்ளிக்குப் பின்னால அஞ்சு எண்டா எவ்வளவு?”

“அஞ்சு கிறாம்.”

“அரைக்கிலோ?”

“அது ஐந்நூறு.” முனீப் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “என்ன டீச்சர், தெரியாத மாதிரிக் கேக்குறீங்க?”

0.5 ஐந்து கிறாம். 0.25 இருபத்தைந்து கிறாம். இரண்டையும் கூட்டினால் முப்பது. 0.125 நூற்றிருபத்தைந்து, மூன்றிலும் பெரியது அதுதான். அவர்கள் பார்த்தெழுதவில்லை. ஒழுங்காகக் கணக்குச் செய்திருந்தார்கள். மூன்று கிழமை அவள் வகுப்பில் பேசிய மொழி ஒன்று. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் வாசித்து வந்த மொழி இன்னொன்று. ‘0.5 என்றால் அரை’ என்று அவளுக்காகச் சொல்லிவிட்டு, தாளுக்கு முன்னால் தனியாக இருந்தபோது தங்களுக்குத் தெரிந்ததற்குத் திரும்பிப் போயிருந்தார்கள்.

மீனை வாங்கினாளா, வாங்கின மீனைக் கையில் எடுத்தாளா என்பதுகூட வீடு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. முனீப் பின்னால் ஓடிவந்து பையைக் கொடுத்திருந்தார்.

அன்று மத்தியானம் பாயில் தாள்களைப் பரப்பினாள். பத்தொன்பது பேரின் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மீன் கடை, மீன் கடை, இறால் வாங்கி விற்கிறவர், மரக்கறிக் கடை, இறைச்சிக் கடை, மீன் கடை. மற்றக் குவியலின் ஏழு பேரில் நான்கு பேர் வயல்காரர் பிள்ளைகள், ஒருத்தி தையல்காரியின் மகள், ஒருவனுடைய வாப்பா கட்டாரில், இன்னொருவனுடையவர் பஸ் ஓட்டுநர். ஏழு வீட்டிலும் தராசு இல்லை. பெரிய குவியலில் ஒரே ஒருவன் மட்டும் பொருந்தவில்லை. மேசன் ஒருவரின் மகன். பிறகு அவன் பின்னேரம் முழுக்க மாமாவின் மீன் கடையில்தான் இருப்பான் என்பது நினைவுக்கு வந்தது. பிழை என்று நினைத்த ஒன்றுக்குள் இத்தனை ஒழுங்கு இருக்குமா? பத்தொன்பது தலைகளுக்குள் ஒரே சட்டம், யாரும் கற்பிக்காமல், யாருக்கும் தெரியாமல்.

திங்களும் செவ்வாயும் அவள் கணிதம் எடுக்கவில்லை. பிழையைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் திருத்திவிட்டால் ஆலோசகரிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. இரண்டு நாளும் தமிழும் சுற்றாடல் பாடமும் எடுத்தாள். றிஷானா கை உயர்த்தாமல் இருந்தாள். அவளைக் கூப்பிட்டு, நீ சொன்னது விளங்கிவிட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை இரண்டு நாளும் லைலா விழுங்கினாள்.

புதன்கிழமை காலை ஆலோசகர் குலசிங்கம் மோட்டார்சைக்கிளில் திருகோணமலையிலிருந்து வந்திறங்கினார். ஐம்பது கடந்தவர். இருபது வருடம் கணிதப் பாட ஆலோசகர். அதிபர் கடிதத்தை நீட்டினார். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

“என்ன டீச்சர், கையெழுத்து வைக்கேல்லையோ?”

“அவங்க பாத்தெழுதல்ல சேர்.”

“பத்தொன்பது பேருக்கும் ஒரே கனவு வந்ததாக்கும்.”

“ஓம் சேர், கிட்டத்தட்ட அப்பிடித்தான். நீங்களே ஒரு கேள்வி போடுங்க. நான் காணாத கேள்வி. நான் வெளிய நிக்கிறன்.”

குலசிங்கம் அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரையைப் பார்த்தார். பிறகு ஆலோசகர் வகுப்புக்குப் போனார். பத்தொன்பது பேரையும் பிரித்தார்: சிலரை விறாந்தையில், சிலரை மாமரத்தின் கீழ், சிலரை வகுப்பின் மூலைகளில். துண்டுத்தாள் கொடுத்து ஒரேயொரு கணக்கைச் சொன்னார். 0.4 + 0.35.

லைலா வாசலில் நின்றாள். தாள்கள் சேர்ந்தன. ஆலோசகர் முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். ஏழாவது, எட்டாவதில் வேகம் குறைந்தது. கடைசித் தாளைப் பிடித்தபடி மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“முப்பத்தொன்பது,” என்றார். “எல்லாரும் பூச்சியம் தசம் முப்பத்தொன்பது. மாமரத்துக்குக் கீழ இருந்தவையும்.”

“அதுதானே சேர் விடை,” என்றான் நிப்றாஸ், பாவம் பார்ப்பதுபோல.

லைலா அலுமாரியைத் திறந்து முனீப்பிடம் இரவல் வாங்கி வைத்திருந்த தராசை எடுத்து மேசையில் வைத்தாள். வகுப்பு எழுந்து சூழ்ந்தது. சோறு சுற்றுகிற லஞ்ச் சீற் ஒன்றை விரித்து, முற்றத்து மணலைச் சிறிது சிறிதாகக் கொட்டினாள். சிவப்பு எண்கள் ஏறின. 0.500இல் நிறுத்தினாள்.

“எவ்வளவு?”

“ஐந்நூறு! அரைக்கிலோ!” என்றது வகுப்பு.

குலசிங்கம் தராசின் பக்கம் குனிந்தார். அவருக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. லைலா இரண்டு விரலை வைத்து, கடைசி இரண்டு பூச்சியங்களையும் மறைத்தாள். இப்போது 0.5 மட்டும் தெரிந்தது.

“இப்ப?”

சிலர் விரலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக றிஷானாவின் கை, பாதி உயரம்தான், உயர்ந்தது.

“மூடினாலும் மணல் அதேதானே டீச்சர். குறையல்லியே.”

“இல்ல. குறையல்ல.”

“அப்ப…” அவள் கண்கள் தராசிலிருந்து ஆலோசகரின் கையிலிருந்த தாளுக்கும் தாளிலிருந்து தராசுக்கும் போயின. “அப்ப தாள்ல பூச்சியத்த எழுதாம விட்டிரிக்காங்க! அஞ்சு அங்கயே நிக்கிது. நாங்க அத இழுத்துக் கடசிக்குக் கொண்டு போய்ட்டம்!”

பதினெட்டு பேரின் வாயிலிருந்தும் ஒரு மூச்சு வந்தது. நிப்றாஸ் தலையில் கைவைத்தான். “யா அல்லாஹ், அரைக்கிலோவ அஞ்சு கிறாமாக்கிட்டமே! வாப்பா அறிஞ்சா கடைக்குள்ள விட மாட்டாரு.”

குலசிங்கம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “இவ்வளவு வருசமா எத்தினை தாளில 0.30 கண்டிருப்பன்,” என்றார் மெதுவாக, லைலாவிடம் மட்டும். “வெட்டினனான். ஒருநாளும் வாசிக்கேல்லை.”

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் றிஷானா உட்காரவில்லை.

“டீச்சர், அப்ப மூணுல ஒண்டு எப்பிடி எழுதுற? கரவலையில பட்ட மீன மூணு பேர் பங்கு பிரிப்பாங்களே, அது?”

“அது ஏழாம் தரத்துப் பாடம் பிள்ளை,” என்றார் ஆலோசகர்.

“சேர், ஒருக்காப் பாப்பமே,” என்றாள் லைலா.

ஒரு கிலோ மணலை நிறுத்தார்கள். மூன்று லஞ்ச் சீற்றில் பிரித்தார்கள். நிப்றாஸ் கையால் அள்ளி, அங்குமிங்கும் மாற்றி, வேர்த்துப்போய் வேலை செய்தான். முதல் குவியல் 0.335. இரண்டாவது 0.335. மூன்றாவது 0.330. மாற்றிப் பார்த்தான். இப்போது முதலாவது 0.330, கடைசி 0.335. எத்தனை தடவை மாற்றினாலும் ஏதோ ஒன்று ஐந்து கிறாம் குறைந்தே நின்றது.

“தராசுல கடசி எண் பூச்சியம், இல்லாட்டி அஞ்சு. வேற ஒண்டும் வராது,” என்றாள் றிஷானா. அதை அவள் எப்போதோ கவனித்திருந்தாள். சொல்ல இதுவரை இடம் வரவில்லை. “எழுதிப் பாக்கட்டா?”

வெண்கட்டியை எடுத்தாள். ஒன்றை மூன்றால் பிரிக்க ஏலாது. ஒரு பூச்சியம், ஒரு புள்ளி. பத்தை மூன்றால் பிரித்தால் மூன்று, மிச்சம் ஒன்று. மறுபடி பத்து. மூன்று, மிச்சம் ஒன்று. மூன்று, மிச்சம் ஒன்று. மூன்று எண் எழுதி முடித்ததும் நின்றாள். தராசு நிற்கிற இடம் அது. மிச்சம் இன்னும் கையில் இருந்தது. மறுபடி தொடங்கினாள். எட்டு மூன்றுகள். பன்னிரண்டு. எண்கள் சிறுத்து நெருங்கின. அவள் நகர நகர வகுப்பும் கூடவே நகர்ந்தது. கரும்பலகையின் விளிம்புக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

“டீச்சர், இது முடியாதா?”

லைலாவுக்கு விடை தெரியும். பயிற்சிக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறாள், மீளும் தசமம் என்று. ஆனால் அந்த வரிசையைப் பார்த்தபோது, இப்படியொன்றை இதுவரை தான் கண்டதேயில்லை என்று தோன்றியது.

“முடியாது.”

“இதவிட நல்ல தராசு இருந்தாலும்?”

“இருந்தாலும்.”

“துறைமுகத்துல கப்பல் சாமான் நிறுக்கிற தராசு இருந்தாலும்?”

“உலகத்துல உள்ள எந்தத் தராசு இருந்தாலும் முடியாது மகள்.”

விறாந்தையில் மூன்றாம் தரத்தின் வாய்ப்பாட்டுச் சத்தம் கேட்டது. அதிபர் எப்போதோ வந்து வாசலில் நின்றிருந்தார்.

நிப்றாஸ்தான் முதலில் வாய் திறந்தான். “அப்ப மூணு பேர் பங்கு பிரிச்சா ஒவ்வொரு தடவையும் ஆரோ ஒருத்தன் ஏமாறுறான்.”

“இல்ல,” என்றாள் றிஷானா. அவள் அவனைப் பார்க்கவில்லை. மணல் குவியல்களைப் பார்த்தாள். “மூணுல ஒண்டு எண்டு ஒண்டு சரியா இரிக்கு. தராசுக்குத்தான் அதச் செல்லத் தெரியல்ல.”

குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அதிபரிடம் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, மேசையில் குனிந்து, தட்டெழுத்து வரிகளின் மேல் ஒரு கோடு கீறினார். கீழே தன் கையால் எழுதினார்: ‘நேரில் பரிசோதித்தேன். எவரும் பார்த்தெழுதவில்லை. மாணவர்கள் இலக்கத் தராசில் வாசிக்கும் முறையைத் தசமத்துக்குப் பயன்படுத்தியுள்ளனர். முழு வகுப்பினதும் பெறுபேற்றை வெளியிடலாம்.’ கையெழுத்தும் திகதியும் போட்டார்.

“அந்த ரெண்டு கேள்விக்கும் மார்க் தர ஏலாது,” என்றார் லைலாவிடம். “பிழை பிழைதான்.”

“வேணாம் சேர்.”

வாசல் வரை போனவர் நின்றார். “டீச்சர், உந்தக் கரும்பலகையை இண்டைக்கு அழிக்காதேங்கோ.” மோட்டார்சைக்கிள் உடனே கிளம்பவில்லை. யன்னல் வழியே பார்த்தபோது அவர் மாமரத்தின் கீழ் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

பின்னேரம் லைலா தராசைத் திருப்பிக் கொடுக்கப் பாலத்தடிக்குப் போனாள். முனீப் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கடிதத்துல மகள்ட பேர்?”

“வெட்டியாச்சு நானா.”

முனீப் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “அப்ப ராவைக்குச் சாப்பிடுவா,” என்றார் கடைசியில்.

“சாப்பிடுவா. ஆனா சாப்பாட்டுக்கு முதல் கொப்பி கேப்பா. வகுப்புல எழுத இடம் முடிஞ்சிட்டு.”

“என்ன எழுதுறாவாம்?”

“தராசு நிக்கிற இடத்துக்குப் பிறகு வாற எண்கள,” என்றாள் லைலா. தராசில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துப் பலகையில் வைத்து அதன் ஆளியைத் தட்டி இயக்கினாள். சிவப்பு எண்கள் துள்ளி, அடங்கி நின்றன. 0.000. வெறும் தட்டு. மூன்று பூச்சியங்கள். மூன்றாவதற்குப் பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. அவள் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனீப்பும் வந்து பக்கத்தில் குனிந்து, என்ன இருக்கிறதென்று பார்த்தார்.